மின்வண்டிக்கு மாறச் சொல்கிறது அரசு: அழுத்தம் எங்கிருந்து வருகிறது, யார் தலையில் விழுகிறது?

புது ஸ்கூட்டர் வாங்கப் போகிறவர்கள் பலருக்கு இப்போது ஒரு பயம். பெட்ரோல் வண்டியைத் தடை செய்துவிடுவார்களோ, வாங்கிய வண்டி நாலு வருடத்தில் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடுமோ என்று கேட்கிறார்கள். இன்னொரு பக்கம், மின்வண்டி வாங்கியவர்கள் அரசு மானியத்தைக் குறைத்துக்கொண்டே போகிறது என்று கோபப்படுகிறார்கள். ஒரே அரசு கட்டாயப்படுத்துகிறது என்றும் கைவிடுகிறது என்றும் ஒரே நேரத்தில் திட்டு வாங்குகிறது. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

முதலில் அடிப்படை. இந்தியாவில் பெட்ரோல், டீசல் வண்டி விற்பனையை நாடு முழுக்க நிறுத்தும் சட்டம் எதுவும் கிடையாது. அப்படி நிறுத்துவதற்கென்று தேதியும் குறிக்கப்படவில்லை. இருப்பது பல பக்கங்களில் இருந்து வரும் அழுத்தம். அது எல்லோர் மேலும் ஒரே அளவில் விழவில்லை என்பதுதான் உண்மையான பிரச்சினை.

மூன்று செய்திகள் ஒன்றாகக் கலந்துவிட்டன

குழப்பத்துக்கு முக்கியக் காரணம், வேறு வேறு மூன்று விஷயங்களை மக்கள் ஒன்றாக எடுத்துக்கொள்வது.

1. பழைய வண்டி விதி. டெல்லியில் 10 வருடம் தாண்டிய டீசல் வண்டியும் 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டியும் ஓடக் கூடாது என்பது பசுமைத் தீர்ப்பாயமும் உச்ச நீதிமன்றமும் போட்ட உத்தரவுகளில் இருந்து வந்தது. 2025 ஜூலை 1 முதல் அப்படிப்பட்ட வண்டிகளுக்கு பங்கில் பெட்ரோல் போடக் கூடாது என்று சொல்லி, கேமரா வைத்து நம்பர் பிளேட்டைப் படித்தார்கள். மக்களின் கொந்தளிப்பைப் பார்த்து, சில நாட்களிலேயே அதை நிறுத்தி வைக்கும்படி டெல்லி அரசே கேட்டது. இது காற்று மாசு பற்றிய விதி. மின்வண்டி வாங்கச் சொல்லும் விதி இல்லை.

2. எத்தனால் கலந்த பெட்ரோல். 20 சதவீத எத்தனால் கலப்பு, பழைய வண்டியின் மைலேஜைக் குறைக்கிறது என்ற விவாதம் 2025-ல் பெரிதாக எழுந்தது. இதுவும் தனி விஷயம்.

3. மின்வண்டிக் கொள்கை. மானியம், வரி, பெர்மிட், பதிவு, உற்பத்தியாளர்களுக்கான விதி எல்லாம் இதில் வரும். இந்தக் கட்டுரை இதைப் பற்றித்தான்.

பயம் முழுக்கக் கற்பனை என்றும் சொல்ல முடியாது. 2017-ல் மத்திய அமைச்சராக இருந்த பியூஷ் கோயல், 2030-க்குள் நாட்டில் விற்கும் கார் எல்லாம் மின்சாரக் கார் ஆகும் என்று பேசினார். பிறகு அது 30 சதவீதம் என்ற இலக்காகச் சுருங்கியது. 2019 ஜூனில் நிதி ஆயோக் இருசக்கர வண்டி நிறுவனங்களை அழைத்து, 2023 ஏப்ரல் முதல் ஆட்டோவும், 2025 ஏப்ரல் முதல் 150 சிசிக்குக் குறைந்த பைக், ஸ்கூட்டரும் மின்சாரத்தில் மட்டுமே விற்க வேண்டும் என்று யோசனை வைத்தது. அதற்கான திட்டத்தை இரண்டே வாரத்தில் தரச் சொன்னது. நிறுவனங்கள் கடுமையாக எதிர்த்தன, யோசனை சட்டமாகவில்லை. அந்தத் தேதிகள் இரண்டும் கடந்து போய்விட்டன. ஆனால் 'தடை வரப் போகிறது' என்ற பேச்சு மட்டும் இன்னும் ஓயவில்லை.

அரசுக்கு ஏன் இந்த அவசரம்?

நமக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்து வருகிறது. உலகில் எங்கே போர் மூண்டாலும் அதன் விலையை நாம் கொடுக்கிறோம். அதோடு நகரக் காற்று. அப்புறம் 2070-க்குள் நிகரக் கரிம உமிழ்வைப் பூஜ்யமாக்குவோம் என்று 2021-ல் கிளாஸ்கோ மாநாட்டில் இந்தியா கொடுத்த வாக்கு. சீனா இந்தத் தொழிலில் எங்கேயோ போய்விட்டது, நாமும் பிடிக்காவிட்டால் நாளை வண்டியையே இறக்குமதி செய்ய வேண்டி வரும் என்ற கவலையும் உண்டு.

இங்கே எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று: நம் மின்சாரம் நிலக்கரியில் இருந்துதானே வருகிறது, புகை இடம் மாறுகிறது, அவ்வளவுதானே? நியாயமான கேள்வி. கணக்குப் போட்டே பார்க்கலாம்.

ஒரு யூனிட் மின்சாரம் என்றால் ஒரு கிலோவாட்-மணி. வண்டி விளம்பரத்தில் '3 கிலோவாட்-மணி பேட்டரி' என்று போட்டிருந்தால், அதில் மூன்று யூனிட் நிற்கும் என்று அர்த்தம். சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து, ஒரு மின்ஸ்கூட்டர் 100 கிலோமீட்டர் ஓட சுமார் 3.3 யூனிட் தேவை என்று வைத்துக்கொள்வோம். இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோவுக்குச் சற்று மேல் கரியமில வாயு வெளியாகிறது. கம்பி வழியில் வீணாவதையும் கூட்டினால் 100 கிலோமீட்டருக்கு மூன்று கிலோவுக்குள் வரும். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் ஸ்கூட்டருக்கு அதே தூரத்துக்கு 2.2 லிட்டர் வேண்டும். ஒரு லிட்டர் எரிந்தால் சுமார் 2.3 கிலோ, ஆகமொத்தம் ஐந்து கிலோ. பேட்டரி செய்யும்போது ஆகும் மாசையும் சேர்க்கத்தான் வேண்டும். ஆனாலும், தினமும் நன்றாக ஓடும் வண்டியில் மின்சாரம்தான் ஜெயிக்கும். பெட்ரோல் இன்ஜின் எரிபொருளின் சக்தியில் பெரும்பகுதியை வெப்பமாக வீணாக்குகிறது, மோட்டார் அப்படிச் செய்வதில்லை என்பதே காரணம்.

இரண்டு டன் எடையுள்ள பெரிய மின்கார், ஒரே ஆளை ஏற்றிக்கொண்டு போனால் இந்த ஆதாயம் அவ்வளவு இருக்காது. சிறிய வண்டி, அதிக ஓட்டம் என்ற இடத்தில்தான் மாற்றம் பலன் தரும்.

அரசின் கையில் இருக்கும் கருவிகள்

1. வாங்குபவருக்குச் சலுகை. மின்வண்டிக்கு ஜி.எஸ்.டி. 2019 ஆகஸ்டில் 12-ல் இருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. 2015-ல் தொடங்கிய ஃபேம் மானியம், 2019-ல் 10,000 கோடி ரூபாயில் அதன் இரண்டாம் கட்டம், 2024 அக்டோபரில் 10,900 கோடியில் பி.எம். இ-டிரைவ் என்று வரிசையாகத் திட்டங்கள் வந்தன. மின்வண்டிக்கு மாநிலங்களின் சாலை வரி விலக்கு இதற்கு மேல். தமிழ்நாடும் அதைக் கொடுத்தது.

2. ஓட்டுபவருக்கு விதிவிலக்கு. 2018-ல் மத்திய அரசு, பேட்டரி வண்டிகளுக்கு பெர்மிட் தேவையில்லை என்று அறிவித்தது. பச்சை நம்பர் பிளேட்டும் அந்த வருடம்தான் வந்தது. பெர்மிட்டுக்காக அலைந்த ஆட்டோக்காரர்களுக்கு இது பெரிய விஷயம். விற்பனையாகும் மூன்று சக்கர வண்டிகளில் இப்போது பாதிக்கு மேல் மின்சாரத்தில் ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

3. பதிவிலேயே கை வைப்பது. பெட்ரோல் வண்டி இத்தனைதான் பதிவு செய்வோம் என்று வரம்பு போடுவது. சண்டிகர் இதைச் செய்து பார்த்தது.

4. உற்பத்தியாளர் மீது விதி. ஒரு நிறுவனம் ஒரு வருடத்தில் விற்கும் எல்லாக் கார்களையும் சேர்த்துச் சராசரி எடுத்தால், கிலோமீட்டருக்கு இவ்வளவு கிராம் கரியமில வாயுவுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. கஃபே விதி என்று சொல்வது இதைத்தான். 2022-23 முதல் இந்த அளவு 113 கிராம். மீறினால் விற்ற வண்டி ஒன்றுக்கு 25,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம் போட 2022-ல் திருத்திய சட்டம் இடம் கொடுக்கிறது. மின்கார் விற்றால் சராசரி இறங்கும், அதனால் நிறுவனமே அதை விற்க முயலும். வாங்குபவரை யாரும் நேரடியாக நெருக்குவதில்லை.

நான்காவது கருவி பற்றித்தான் நம்மிடையே பேச்சே இல்லை. என் கணிப்பில் அதுதான் நியாயமான கருவி. காரணத்தை சண்டிகர் காட்டும்.

சண்டிகரில் நடந்தது

2022 செப்டம்பரில் சண்டிகர் நிர்வாகம் ஐந்தாண்டு மின்வண்டிக் கொள்கை ஒன்றைக் கொண்டுவந்தது. பெட்ரோல் இருசக்கர வண்டிப் பதிவை வருடா வருடம் குறைத்துக்கொண்டே போவது அதில் முக்கிய அம்சம். 2023 பிப்ரவரியில் அந்த ஆண்டுக்கான எண்ணிக்கை தீர்ந்தது, பதிவு நின்றது. பணத்தோடு ஷோரூமுக்குப் போனவருக்கு வண்டி கிடைக்கும், நம்பர் கிடைக்காது என்ற நிலை.

சண்டிகர் எவ்வளவு சிறிய ஊர் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். ஒரு பக்கம் பஞ்சாபின் மொகாலி, மறுபக்கம் ஹரியாணாவின் பஞ்ச்குலா. மக்கள் அங்கே போய் வண்டியைப் பதிவு செய்து, அதே சண்டிகர் தெருவில் ஓட்டினார்கள். புகை குறையவில்லை. உள்ளூர் டீலருக்கு வியாபாரம் போனது, நிர்வாகத்துக்குச் சாலை வரி போனது. டீலர்கள் போராடினார்கள். வரம்பை ஒருமுறை தளர்த்திப் பார்த்தார்கள், அதுவும் தாங்கவில்லை. 2023 முடிவதற்குள் வரம்பையே எடுத்துவிட்டார்கள். அப்போது அங்கே நிர்வாகியாக இருந்தவர் தமிழ்நாட்டின் முன்னாள் ஆளுநர் பன்வாரிலால் புரோகித்.

பதிவு கவுன்ட்டரில் நிற்கும் ஆளைத் தடுத்தால் அவர் பக்கத்து ஊர் கவுன்ட்டருக்குப் போவார். தொழிற்சாலையில் என்ன தயாராகிறது என்பதை மாற்றினால் போக வேறு இடமில்லை.

எத்தியோப்பியா 2024 தொடக்கத்தில் பெட்ரோல், டீசல் கார் இறக்குமதியையே நிறுத்தியது. அங்கே எல்லை என்பது நாட்டின் எல்லை, மின்சாரமும் பெரும்பாலும் நீர்மின்சாரம். நார்வே எதையும் தடை செய்யவில்லை. பெட்ரோல் காருக்குக் கனமான வரி, மின்காருக்கு வரி விலக்கு என்று இருபது வருடத்துக்கு மேல் விடாமல் செய்தது. 2024-ல் அங்கே விற்ற புதுக் கார்களில் பத்தில் ஒன்பது மின்கார். அங்கே வேலை செய்தது வரியின் அளவு மட்டுமில்லை, அது மாறாமல் நின்ற காலமும்தான்.

மானியம் இறங்கிய வரலாறு

நம்மிடம் இல்லாதது அந்த நிலைத்தன்மை. சுமார் 1,20,000 ரூபாய் விலையில் 3 கிலோவாட்-மணி ஸ்கூட்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதற்கு மத்திய அரசின் மானியம் இப்படி நகர்ந்திருக்கும்:

1. 2021 ஜூன் முதல்: கிலோவாட்-மணிக்கு 15,000 வீதம், 45,000 ரூபாய்.
2. 2023 ஜூன் முதல்: விலையில் 15 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்றதால், சுமார் 18,000.
3. 2024 ஏப்ரல் முதல்: அதிகபட்சம் 10,000.
4. 2025 ஏப்ரல் முதல்: அதிகபட்சம் 5,000.

2023 ஜூனில் முதல் வெட்டு விழுந்தபோது நடந்ததை விற்பனைக் கணக்கே சொல்லும். 2023 மே மாதம் நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேல் மின்சார இருசக்கர வண்டிகள் பதிவாயின. ஜூனில் பாதிக்கும் கீழே, சுமார் 46,000-க்கு விழுந்தது.

மானியம் என்றைக்கும் இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பேட்டரி விலை இறங்க இறங்க மானியமும் இறங்குவதுதான் முறை. ஆனால் எந்த ஆண்டு எவ்வளவு என்று முன்கூட்டியே அட்டவணை போட்டுச் சொல்லியிருக்கலாம். இப்போது நடப்பது, முந்தின மாதம் வாங்கியவனுக்கு ஒரு விலை, அடுத்த மாதம் வாங்கியவனுக்கு வேறு விலை.

இதற்கு மேல் 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான பெட்ரோல் பைக்குகளின் ஜி.எஸ்.டி.யும் 28-ல் இருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. 80,000 ரூபாய் அடக்க விலையுள்ள பைக்குக்கு 8,000 ரூபாய் மிச்சம். சாதாரண மக்களுக்கு நல்ல செய்திதான். ஆனால் அதே ஆண்டில் மின்ஸ்கூட்டர் மானியத்தைப் பாதியாக்கிவிட்டு, பெட்ரோல் வண்டியின் விலையையும் இறக்கினால், வாங்குபவர் எதை நோக்கிப் போவார்?

லாபக் கணக்கு யாருக்குப் பொருந்தும்?

தினமும் 50 கிலோமீட்டர் ஓட்டும் உணவு டெலிவரி இளைஞரை எடுத்துக்கொள்வோம். மாதம் 1,500 கிலோமீட்டர். பெட்ரோல் ஸ்கூட்டரில் 33 லிட்டர், லிட்டர் 101 ரூபாய் என்றால் மாதம் 3,300-க்கு மேல். மின்ஸ்கூட்டரில் 50 யூனிட், யூனிட் 8 ரூபாய் என்றாலும் 400 ரூபாய். மின்ஸ்கூட்டர் விலை 25,000 கூடுதல் என்றாலும் ஒன்பது மாதத்தில் மீண்டுவிடும். மாதம் 400 கிலோமீட்டர் மட்டும் ஓட்டும் அலுவலக ஊழியருக்கு அதே தொகை மீள இரண்டரை வருடத்துக்கு மேல் ஆகும்.

அப்படியானால் டெலிவரி இளைஞர்தான் முதல் ஆளாக மாறியிருக்க வேண்டும். ஏன் பலர் மாறவில்லை? அவர் பெரும்பாலும் வாடகை வீட்டில் இருக்கிறார். மூன்றாவது மாடி, கீழே வண்டி நிறுத்த ஒரு ஓரம், அங்கே பிளக் பாயிண்ட் கிடையாது. வீட்டுக்காரரிடம் கேட்டால் 'வயர் இழுக்கக் கூடாது' என்பார், இல்லாவிட்டால் சப்மீட்டர் போட்டு அவர் சொல்வதே ரேட். பயமும் உண்டு. 2022 மார்ச்சில் வேலூரில் சார்ஜில் போட்டிருந்த மின்ஸ்கூட்டர் தீப்பிடித்து, தந்தையும் மகளும் இறந்தார்கள். அதன் பிறகு பேட்டரி பாதுகாப்புத் தரவிதிகள் கடுமையாயின. ஆனால் வீட்டுக்காரர்கள் மனதில் நிற்பது அந்தத் தீதான்.

சொந்த வீட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. மாதம் 50 யூனிட் என்றால், தமிழ்நாட்டில் இரண்டு மாத ரீடிங்கில் 100 யூனிட் ஏறும். 450 யூனிட் ஓடும் வீடு 550 ஆகிவிடும். 500-ஐத் தாண்டினால் மேல் அடுக்கின் விலை மட்டுமா, 101 முதல் 200 யூனிட் வரைக்கான சலுகை விலையும் போய்விடும். யூனிட் 8 ரூபாய் என்று போட்ட கணக்கு அந்த வீட்டுக்கு அப்படியே நிற்காது. வாங்கும் முன் கடைசி நாலைந்து மின்பில்லை எடுத்துப் பார்ப்பது நல்லது.

பாரம் யார் தலையில்?

2024-25-ல் இந்தியாவில் விற்ற இருசக்கர வண்டிகளில் மின்வண்டி நூற்றுக்கு ஆறு. கார்களில் மூன்றுகூட இல்லை. மூன்று சக்கர வண்டிகளில் மட்டும் பாதிக்கு மேல். கையில் குறைந்த பணம் இருப்பவர்கள்தான் அதிகம் மாறியிருக்கிறார்கள்.

அழுத்தமும் அவர்கள் பக்கமே சாய்கிறது. 2019-ல் நிதி ஆயோக் தேதி குறித்தது ஆட்டோவுக்கும் சின்ன பைக்குக்கும்தான், பெரிய காருக்கு அல்ல. டெல்லி அரசின் 2023-ம் ஆண்டுத் திட்டம் ஒன்று, செயலி மூலம் ஓடும் டாக்சி, டெலிவரி வண்டிகள் 2030 ஏப்ரலுக்குள் முழுக்க மின்சாரமாக வேண்டும் என்கிறது. விதி நிறுவனத்துக்குத்தான். ஆனால் டெலிவரியில் ஓடும் பைக் பெரும்பாலும் ஓட்டுபவரின் சொந்த வண்டி. கடன் வாங்கி அதை மாற்ற வேண்டியவர் அவர்.

இதற்கு எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். 60 லட்சம் ரூபாய் மின்காருக்கும் ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். 2025 செப்டம்பரில் வரி விகிதங்களை மாற்றியபோதும் அதை அப்படியே விட்டார்கள். வேலைக்குப் போக 125 சிசி பைக் வாங்கும் கொத்தனார் 18 சதவீதம் கட்டுகிறார். தனியார் காருக்கு மத்திய மானியம் கிடையாது என்பது சரியான முடிவு. ஆனால் ஆடம்பரக் காருக்கு இந்த வரிச்சலுகை எதற்கு என்ற கேள்விக்கு எனக்கு நியாயமான பதில் எதுவும் தெரியவில்லை.

கஃபே விதியின் அடுத்த கட்டம் 2027 ஏப்ரலில் தொடங்க வேண்டும். எடை குறைந்த சின்னக் கார்களுக்குத் தளர்வு தரலாமா என்பதில் கார் நிறுவனங்களுக்குள்ளேயே சண்டை. மாருதி வேண்டும் என்கிறது, டாடாவும் மஹிந்திராவும் கூடாது என்கின்றன. உண்மையான மின்கார்க் கொள்கை எழுதப்படுவது அந்த மேசையில்தான். பொதுமக்கள் விவாதமோ டெல்லி பெட்ரோல் பங்க் கேமராவில் நின்றுவிட்டது.

தமிழ்நாட்டில் என்ன ஆகும்?

மற்ற மாநிலங்களுக்கு இது வண்டி வாங்கும் பிரச்சினை. நமக்கு வேலைப் பிரச்சினையும்கூட. போச்சம்பள்ளியில் ஓலா, ஓசூரில் டிவிஎஸ்ஸும் ஏத்தரும், 2025 ஆகஸ்ட் முதல் தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் என்று மின்வண்டி ஆலைகள் இங்கே குவிந்திருக்கின்றன. அதே மாநிலத்தில்தான் கோயம்புத்தூரிலும் ஓசூரிலும் அம்பத்தூரிலும் பிஸ்டன், வால்வு, கியர், இன்ஜின் வார்ப்பு செய்து பிழைக்கும் சிறு பட்டறைகள் இருக்கின்றன. மோட்டாருக்கு இவற்றில் பெரும்பாலானவை தேவையே இல்லை. அவர்களுக்குத் தேவை, எந்த ஆண்டு ஆர்டர் குறையும் என்று தெரிவது. மானியமும் இலக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறினால் லேத் மெஷின் வைத்திருப்பவர் எதை நம்பிக் கடன் வாங்குவார்?

இறக்குமதியில் இருந்து தப்பிக்கிறோம் என்பதும் பாதிதான் உண்மை. 2025 ஏப்ரலில் அரிய மண் காந்தங்களின் ஏற்றுமதிக்கு சீனா கட்டுப்பாடு போட்டதும், இங்கே மோட்டார் செய்ய காந்தம் கிடைக்காமல் நிறுவனங்கள் திணறின. எண்ணெய்க்கு ஒருவரைச் சார்ந்திருந்தது போய், காந்தத்துக்கும் பேட்டரிக்கும் இன்னொருவரைச் சார்ந்திருக்கும் ஆபத்து இருக்கிறது.

அழுத்தம் எங்கே இருக்க வேண்டும்?

என் கருத்தை வரிசையாகவே சொல்கிறேன்.

1. அழுத்தம் முதலில் தொழிற்சாலை மேல். கஃபே விதி கார்களுக்குத்தான். நாட்டில் ஓடும் வண்டிகளில் பெரும்பான்மை இருசக்கர வண்டிகள். அவற்றைச் செய்யும் நிறுவனங்களுக்கும் அதேபோன்ற சராசரி விதி வேண்டும்.

2. அரசு தன் வண்டியை முதலில் மாற்றட்டும். சென்னையில் 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையில் இருந்து 120 மின்பேருந்துகள் ஓடத் தொடங்கின. நாள் முழுக்க ஓடும் பேருந்தில் மிச்சமாகும் டீசலுக்கு, வாரக்கடைசியில் மட்டும் எடுக்கும் பல கார்களை மாற்றினாலும் ஈடாகாது.

3. தேதி, மானியம், வரி எல்லாவற்றுக்கும் ஐந்தாண்டு அட்டவணை. அறிவித்தால் மாற்றக் கூடாது.

4. சார்ஜ் போட உரிமை. 2024 பிப்ரவரியில் திருத்திய மின்நுகர்வோர் விதிகளின்படி, மின்வண்டி சார்ஜ் செய்ய வீட்டுக்குத் தனி இணைப்பு கேட்டு வாங்கலாம். பெருநகரங்களில் புது இணைப்பை 3 நாளிலும், மற்ற நகராட்சிப் பகுதிகளில் 7 நாளிலும் தர வேண்டும். இதைச் சொந்த வீடு வைத்திருப்பவர்கள் பயன்படுத்திக்கொள்ளலாம். புதிய கட்டடங்களில் வண்டி நிறுத்தும் இடத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு சார்ஜிங் வசதி இருக்க வேண்டும் என்று மத்திய அரசின் மாதிரிக் கட்டட விதியும் 2019-ல் திருத்தப்பட்டது. மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருக்கும் அந்த டெலிவரி இளைஞருக்கு இந்த இரண்டுமே உதவாது. அவர் கட்டடம் பழையது, இணைப்பு வீட்டுக்காரர் பெயரில் இருக்கிறது. வாடகைதாரர் தன் செலவில் மீட்டர் வைத்து சார்ஜ் போடக் கேட்டால், வீட்டுக்காரர் காரணமில்லாமல் மறுக்க முடியாது என்று ஒரு விதி வர வேண்டும். அதற்கு மத்திய அரசின் பத்தாயிரம் கோடி தேவையில்லை, மாநில அரசே செய்யலாம்.